துவக்குக்கு மிளகு, தோட்டாவுக்கு முட்டை

எங்கள் வீட்டுத் துவக்கை வாங்கியது உம்மா. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தது மட்டும்தான் வாப்பா. இதை மாற்றிச் சொல்லுகிற ஆட்கள் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது யாராவது ஒருத்தி, "ஒன் வாப்பா அந்தக் காலத்துல துவக்கு வாங்கினாரே" என்று கதையை எடுப்பாள். எனக்குப் பொறுக்காது. "வாங்கினது உம்மா" என்று திருத்தி, அவள் தலையாட்டும்வரை நான் அடுத்த வாய்ச் சோறு எடுப்பதில்லை.

வேட்டைச் சாமானுக்குச் செலவழிப்பதில் மற்ற வீடுகளில் ஒரு நியாயம் உண்டு. தோட்டா ஒன்று போனால் ஒரு சட்டி இறைச்சியாவது வரும். எங்களுக்கு அதுவும் இல்லை. எங்கள் கிழங்கைக் கிண்டித் தின்றது காட்டுப் பன்றி. அது எங்களுக்கு ஹராம். அதன் பெயரைக்கூட வீட்டுக்குள் சொல்ல உம்மா விடமாட்டார். சிங்களத்தில் 'ஊரா' என்று சொல்லிக்கொள்வோம். சிங்களத்தில் சொன்னால் வாய் அசுத்தமாகாது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தின்ன முடியாத, தொட முடியாத, வாயால் பெயர் சொல்லவும் முடியாத ஒரு மிருகத்துக்காக இவ்வளவு செலவழித்த குடும்பம் மாத்தளை மாவட்டத்தில் வேறு இருந்திருக்காது.

பல்லேபொலவில் பஸ்ஸை விட்டிறங்கி, த்ரீவீலர் போகிற மட்டும் போய், அதற்கு மேல் நடந்தால் எங்கள் ஊர். பதினைந்து இருபது முஸ்லிம் வீடுகள், ஒரு பள்ளிவாசல். மேலே கொக்கோத் தோட்டமும் அதன் வேலையாட்கள் குடியிருக்கிற லயமும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சிங்கள ஊர். வீட்டைச் சுற்றி மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் நின்றன. அவற்றை ஊரா மோந்தும் பார்க்காது. அதன் கண்ணெல்லாம் காட்டோரம் கிடந்த எங்கள் இரண்டு ஏக்கர் மேல்தான். வாப்பா அதில் மரவள்ளியும் வற்றாளைக் கிழங்கும் போட்டிருந்தார். கிழங்கு முற்றி, நாளைக்குக் கிண்டலாம் என்று நாங்கள் சாக்கைத் தட்டி வைத்திருக்கும்போது ஊரா முந்திக்கொள்ளும். இரண்டு போகம் தொடர்ந்து இப்படியே போயிற்று.

வாப்பா செய்யாத வைத்தியம் இல்லை. சலூனில் வெட்டிப்போட்ட முடியை உர பேக்கில் அள்ளிவந்து வரப்பெல்லாம் தூவினார். மனுஷ வாடைக்கு வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வந்தது. உம்மாவின் பழைய சாரிகளை வேலியாகக் கட்டினார். இரண்டு சாரி கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் காவல் குடிலில் ரேடியோவைச் சத்தமாகப் பாட விட்டுவிட்டு வீட்டில் வந்து படுத்தார். அன்றைக்குத்தான் சேதம் அதிகம். ஊரா பாட்டுக் கேட்டுக்கொண்டே ஆற அமரத் தின்றிருக்க வேண்டும்.

மூன்றாவது போகம் நடுவதற்கு முன்னால் வாப்பா பாஸ்போர்ட் எடுத்தார். மாத்தளை டவுனில் ஓர் ஏஜென்சிக்காரன் இருந்தான். கத்தாரில் டிரைவர் வேலை, முதலில் இரண்டு வருஷம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவனுக்குக் கட்டுவதற்கென்று வாப்பா சிறுகச் சிறுகச் சேர்த்த சல்லி, உம்மாவின் அலுமாரியில் ஒரு தலையணை உறைக்குள் கிடந்தது. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஊரில் கத்தாருக்குப் போன வாப்பாமார் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் காலில் நல்ல சப்பாத்து இருந்தது, வாப்பா மட்டும் போனுக்குள் இருந்தார். யா அல்லாஹ், எனக்குச் சப்பாத்தே வேண்டாம் என்று நான் ஒவ்வொரு தொழுகை முடிவிலும் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பகல் சாப்பாட்டில் உம்மா, "துவக்கு ஒண்ணு வாங்குவோம்" என்றார்.

வாப்பாவுக்குப் புரையேறிவிட்டது. வாப்பாவுக்குத் துவக்கு என்றால் உயிர். ஒருநாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, அதனால் வந்த ஆசை. தேத்தண்ணிக் கடையில் வேட்டைக் கதை பேசுகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆறிப்போன பிளேன் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அப்படி ஒரு சாமானை நாங்கள் வாங்கலாம் என்பது அவர் மனதில் வந்ததே இல்லை.

"சல்லி?" என்றார்.

உம்மா அலுமாரிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அத எடுத்தா கத்தார் கதை முடிஞ்சது."

"பயிர் நின்னா கத்தார் என்னத்துக்கு?"

வாப்பா இரண்டு நாள் பாஸ்போர்ட்டை எடுப்பதும் வைப்பதுமாகத் திரிந்தார். மூன்றாம் நாள் மெதுவாக, வாங்குவதுதான் வாங்குகிறோம், இரட்டைக் குழலாகப் பார்த்தால் என்ன என்று கேட்டார். உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது குழல் என்னத்துக்கு? ஒரு தரம் தப்பினாப் போதாதா?" என்றார். ஒற்றைக் குழல் என்று முடிவாயிற்று.

பழைய கலண்டர் தாளைத் திருப்பி வைத்து உம்மா கணக்குப் போட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு பக்கம் செலவு. அதற்கு நேரே, பணம் எங்கிருந்து வரும் என்று எழுதவில்லை, மரத்தின் பெயரை எழுதினார். தலையணை உறையில் இருந்தது துவக்கின் விலைக்குக் கொஞ்சம் பற்றாது, மிச்சத்துக்கு மிளகு. லைசனுக்கும் அதற்காக அலைகிற பஸ் காசுக்கும் கராம்பு. தலையில் கட்டுகிற டோர்ச்சுக்குச் சாதிக்காய். தோட்டாவுக்கு முட்டை. துவக்குக்குப் போடுகிற எண்ணெய் குசினியில் இருந்தே போகும். துவக்கு உறை, முன்வாசல் பழைய திரையில் தைப்பது. வாப்பா நீட்டுப் பூட்ஸ் ஒன்று வேண்டும் என்று இழுத்தார். உம்மா பூட்ஸ் என்று எழுதினார், நேரே ஒரு மரத்தையும் எழுதவில்லை. வாப்பா பார்த்துவிட்டு வெளியே போனார்.

இப்போது நான் சம்பளக்காரி. மாதச் செலவைப் போனில் பதிந்து வைக்கிறேன், அதுவே கூட்டிக் கழித்துச் சிவப்பில் எச்சரிக்கையும் காட்டுகிறது. அப்படியும் இருபதாம் தேதி தாண்டினால் என் கணக்கு கவிழ்ந்துவிடும். உம்மா பென்சிலால் எழுதிய அந்த ஒற்றைத் தாள் ஒரு வருஷம் கவிழவில்லை. ஒரு மழை கூடினால், ஒரு விலை இறங்கினால், ஒரு மரத்தை அழித்து இன்னொரு மரத்தைப் போடுவார், அவ்வளவுதான். அந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது.

எங்களிடம் ஏழு முட்டைக் கோழிகள் இருந்தன. ஒரு தோட்டாவுக்கு எத்தனை முட்டை என்று உம்மா கணக்குப் பார்த்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் முட்டைக்கு மதிப்புக் கூடிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, "உம்மா, முட்டை ஒண்ணு பொரிச்சுத் தாங்களேன்" என்றால், "தோட்டாவத் தின்னப் போறியா?" என்று கேட்பார். ஒரு கோழி அடைகாக்க உட்கார்ந்துவிட்டபோது வாப்பா அதன் முன்னால் குந்தியிருந்து, அது இருபத்தொரு நாளில் எங்களுக்கு வைக்கப்போகும் நட்டத்தை அதற்கே எடுத்துச் சொன்னார். கோழி எழும்பவில்லை.

துவக்கு பல்லேபொலவுக்கு உள்ளே ஒரு பெரிய பழைய வீட்டில் இருந்தது. வயதான சிங்கள மாத்தயா ஒருவர் விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு நாங்கள் மூன்று பேரும் போனோம். மாத்தயா அதைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தார். அந்தத் துவக்கால் தான் சிறுத்தை சுட்டதாகவும், மதம் பிடித்த யானையைத் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற அவருடைய மனைவி, உம்மாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், ஒன்றும் இல்லை என்பதுபோல.

உம்மாவுக்கு அது போதும். துவக்கைக் கையில் வாங்கினார். மீன்காரனிடம் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர், இங்கே குழலின் வாயை மோந்தார். பிறகு பிரித்துத் தரச் சொல்லி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். "மாத்தயா, உள்ளுக்குச் சிலந்தி வீடு கட்டியிருக்கு" என்று சிங்களத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னார். யானைக் கதை அதோடு நின்றது. விலை இறங்கியது. இறங்கின இடத்திலும் உம்மா நிற்கவில்லை. சுவரில் தொங்கிய தோட்டா செருகுகிற தோல் பட்டியைக் காட்டி, அதுவும் சேர்ந்துதானே என்றார். மாத்தயாவின் மனைவி வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாப்பா அந்தப் பட்டியை இடுப்பில் கட்டிப் பார்த்தார். ஒரு தோட்டாகூட இல்லாத வெறும் பட்டி. ஆனாலும் வாப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உம்மா துவக்கைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன்பணமாகத் தலையணை உறையோடு எடுத்து மாத்தயாவின் மேசையில் வைத்தார்.

லைசன் லேசில் வரவில்லை. கிராம சேவகர், பொலிஸ், மாத்தளைக் கச்சேரி என்று அரசாங்கம் எங்களை வட்டம் சுற்ற விட்டது. கச்சேரியில் ஒரு அதிகாரி, பயிர்ச் சேதத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாராம். அடுத்த தடவை உம்மாவும் கூடப் போனார். ஊரா பாதி கடித்துப் போட்ட மரவள்ளிக் கட்டை ஒன்றை, மண்ணோடு, பல் பதிந்ததோடு, கடைப் பையிலிருந்து எடுத்து அவருடைய பைல்களின் மேல் வைத்தார். அந்த வாரமே கையெழுத்து விழுந்தது. இந்தக் கதையை வாப்பா சொல்லும்போது, கட்டையைத் தானே வைத்ததாகத்தான் சொல்லுவார். அதையும் நான் திருத்திக்கொண்டுதான் வருகிறேன்.

துவக்கு வீட்டுக்கு வந்தது. தோட்டா ஆறு வந்தது. பழகிப் பார்க்க இரண்டு வெடி வேண்டும் என்று வாப்பா கேட்டார். கலண்டர் தாளில் அதற்கு இடமில்லை. ஆகவே அவர் வெறும் துவக்கைத் தோளில் வைத்து, முற்றத்தில் நின்று, குறி பார்த்து, வாயாலேயே "டமார்" என்று சுட்டுப் பழகினார். முதல் இரண்டு நாள் கோழிகள் பயந்து ஓடின. பிறகு அவையும் பழகிவிட்டன.

கிழங்கு முற்றுகிற காலம் வந்தது. வாப்பா காவல் குடிலிலேயே கிடந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலை, சுபஹ் தொழுது முடித்த நேரம், ஒரு வெடி கேட்டது. ஒன்றுதான். உம்மா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றார். நான் ஓடினேன், எனக்கு முன்னால் ஊரே ஓடியது.

ஊரா நடு மரவள்ளிக்குள் விழுந்து கிடந்தது. கிடா. ஒரு கன்றுக்குட்டி அளவு. சுட்டவரோ குடிலின் ஏணியடியில் உட்கார்ந்திருந்தார், எழும்பவில்லை. துவக்கு உதைத்ததில் வலது தோள் வீங்கி, கையைத் தூக்க முடியவில்லை. அவருக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தார்கள். "பட்டிச்சா? மெய்யாவே பட்டிச்சா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாப்பாவைப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. இனிக் கத்தார் இல்லை, இனிக் கிழங்கு நிற்கும், வாப்பாவும் நிற்பார் என்று அந்த ஈர மண்ணில் குதித்தேன்.

அந்த மகிழ்ச்சி ஒரு கால்மணி நேரம் இருந்திருக்கும். பிறகுதான் யாரோ கேட்டார்கள், சரி, இதை இப்ப யாரு எடுக்கிறது?

எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லாரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு முழம் தள்ளி, வட்டமாக நின்றார்கள். ஒருத்தரும் வட்டத்துக்குள் வரவில்லை. வெயில் ஏறினால் நாறிவிடும். பக்கத்திலேயே வாய்க்கால், அந்தத் தண்ணீர் கீழே நாலு ஊருக்குப் போகிறது. வேறு நாளாக இருந்தால் இது ஒரு பேச்சே இல்லை. வெடிச் சத்தம் அடங்குவதற்குள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்தும் லயத்திலிருந்தும் கத்தியோடும் சாக்கோடும் ஆள் வந்திருக்கும், பங்குக்குச் சண்டையும் நடந்திருக்கும். அன்றைக்கு ஒரு கத்திகூட வரவில்லை.

உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். முதலில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எங்களை நன்றாகத் தெரிந்த சிங்கள முதலாளி ஒருவர், வெள்ளை உடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "அனே நங்கி, அத போய நே" என்றார். அன்றைக்குப் போயா, பௌத்தருக்குப் புனிதமான பௌர்ணமி. அவர் சில் விரதம் எடுத்து, அவர்களுடைய கோயிலான பன்சலைக்குப் புறப்பட்டிருந்தார். நாளைக்கு என்றால் பார்க்கலாம் என்றார், பார்வை மட்டும் எங்கள் தோட்டப் பக்கம் ஒரு தரம் போய் வந்தது. திரும்பும்போது அவர் தணிந்த குரலில் இன்னொன்றும் சொன்னார்: போயா அன்று உயிரைக் கொன்றார்கள் என்று யாராவது பொலிசுக்கு ஒரு பெட்டிசம் எழுதிப் போட்டால் லைசன் போய்விடும், எப்படியாவது சீக்கிரம் மறைத்துவிடுங்கள்.

அங்கேயிருந்து, கொத்து வேலை செய்கிற மேசன் பாஸ் வீட்டுக்கு. அவர் வஹகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கர், அந்தச் சிங்கள ஊரில் கல்யாணம் முடித்தவர். வேட்டை இறைச்சி என்றால் பாதித் தூக்கத்தில் எழும்பி வருகிற ஆள். அன்றைக்கு வெறும் வயிற்றோடு, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டி, ஜெபமாலையோடு கதிரையில் உட்கார்ந்திருந்தார். "பெரிய வெள்ளி தங்கச்சி. இன்னைக்கு நான் ரத்தம் பாக்க மாட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. ஆண்டவருக்காகவா ஊராவுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக லயம். ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு போனோம். லயமெல்லாம் தோரணம், ஸ்பீக்கரில் பாட்டு. கோயிலில் பங்குனி உத்திரம், எல்லாருக்கும் கையில் காப்பு. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னங்கம்மா நீங்க? கவுச்சி பேச்சே எடுக்காதீங்க, சாமி கோவிச்சுக்கும்" என்று ஒரு அக்கா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். போகும்போது எனக்குப் பொங்கல் தந்தார்கள்.

அப்படியாக, நாலு மதமும் சேர்ந்து ஒரு பன்றியைக் கைவிட்ட நாள் அது. நாங்கள் திரும்பி வந்தபோது மணி பத்து தாண்டியிருந்தது. ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. மேட்டில் தள்ளி நல்ல ஆழமாக ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்கள். சாச்சா, வாப்பாவின் தம்பி, தன் கை டிராக்டரைக் கொண்டுவந்து நீட்டுக் கயிறும் கட்டி வைத்திருந்தார். இழுத்துக் குழியில் போடலாம். கயிற்றின் மற்ற நுனியை ஊராவின் காலில் கட்டுவது யார் என்பதில்தான் எல்லாம் நின்றது. மழை பெய்து எல்லாம் ஈரம், ஈரத்தோடு தொட்டால் அசுத்தம் ஒட்டிக்கொள்ளும். பள்ளிவாசல் லெப்பையை அழைத்து வந்து கேட்டார்கள்.

லெப்பை நல்ல மனுஷன். "பட்டா ஏழு தரம் கழுவணும். அதுல ஒரு தரம் மண்ணு கலந்த தண்ணி. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

கூட்டம் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றது. ஒருவர் ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிறது என்றார். இன்னொருவருக்குக் கையில் காயம். சாச்சா டிராக்டரை விட்டு இறங்கினால் அது நின்றுவிடும் என்றார். லைசன் போனால் துவக்கு போகும், துவக்கு போனால் கொடுத்த சல்லியும் போய், வாப்பாவும் போய்விடுவார் என்று என் மனம் கிடந்து அடித்தது. வாப்பா ஏணியடியிலிருந்து எழும்பப் பார்த்தார், தோள் விடவில்லை.

"ஏழு தரம் கழுவினாப் போறதுக்கா இத்தன ஆம்பளைங்க நிக்கிறீங்க?" என்றார் உம்மா. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "ஒங்களுக்கு ஜும்மா இருக்கு. எனக்கு இல்லதானே."

குடிலில் கிடந்த இரண்டு உர பேக்கை எடுத்துக் கை இரண்டிலும் மாட்டினார். முக்காட்டை இழுத்துச் செருகினார். வழி விடச் சொல்லத் தேவை இருக்கவில்லை. வட்டத்துக்குள் போய்க் குனிந்தவர் பிஸ்மி சொல்ல வாயெடுத்து, இதற்குச் சொல்லலாமா என்று யோசித்து நிறுத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஆடு கட்டுகிற முடிச்சைப் போட்டு, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து இறுக்கினார். பேக் வழுக்கியது. இரண்டாம் முடிச்சு விழவில்லை. பேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையால் போட்டார். யாரோ "யா அல்லாஹ்" என்றார்கள். உம்மா நிமிர்ந்து சாச்சாவைப் பார்த்து, "இழுங்க" என்றார்.

அந்த உம்மாவைத்தான் நான் கல்யாண வீடுகளில் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜும்மாவுக்கு முன்னாலேயே குழி மூடியாயிற்று, கயிறும் சேர்ந்து. மறுநாள் விடிந்ததும் மேசன் பாஸ் வந்து எங்கே புதைத்தீர்கள், எவ்வளவு ஆழம் என்று விசாரித்ததும், சற்று நேரத்தில் வெள்ளை கழற்றிய சிங்கள முதலாளியும் வந்து அதையே கேட்டதும் ஊரே சொல்லிச் சிரித்த கதை. பெட்டிசம் ஏதும் போகவில்லை. அதற்குப் பிறகு வாப்பா எத்தனையோ வெடி வைத்தார், ஒன்றுகூட எதன் மேலும் படவில்லை. கிழங்கு ஒரு போகம் நின்றது, ஒரு போகம் போனது. கத்தாருக்கு அவர் போகவில்லை.

நான் சொல்ல வந்தது அன்றைக்கு உம்மா கை கழுவினதைப் பற்றி. ஆண்கள் ஜும்மாவுக்குப் போய்விட்டார்கள். வாப்பா தோளில் தைலம் பூசி முன் அறையில் படுத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் உம்மா குந்தியிருந்து கையை நீட்ட, நான் வாளியிலிருந்து தண்ணீர் வார்த்தேன். எண்ணுவது என் பொறுப்பு. முதல் தரம் மண் கலந்து. பிறகு இரண்டு, மூன்று. உம்மா முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

"உம்மா, எல்லாத்துக்கும் கணக்குப் போட்டீங்க. எண்ணெய்க்கும் போட்டீங்க. ஊரா செத்தா என்ன செய்யிறதுன்னு ஏன் போடல்ல?"

உம்மா சிரித்துவிட்டார். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

"அவரு சுடுவாருன்னு யாருடி நினைச்சா? அந்தச் சல்லி ஏஜென்சிக்காரன் கைக்குப் போகாம இருந்தாப் போதும்னுதானே..." என்று தனக்குத்தானே சொல்லுகிற மாதிரிச் சொல்லிவிட்டு, "ம், வாரு. எத்தன?" என்றார்.

"நாலு."

வாப்பா சுடுவார் என்று உம்மாவே நினைக்கவில்லையாம்! எனக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று அவசர அவசரமாக வார்த்து முடித்து, வாளியை மிச்சத் தண்ணீரோடு அங்கேயே வைத்துவிட்டு, வாப்பாவிடம் ஓடிச் சொன்னேன். வாப்பா சிரிக்கவில்லை.

"அப்படியா சொன்னா?"

"ஓம்."

"முழுசாச் சொல்லு. எப்படிச் சொன்னாவோ அப்படியே சொல்லு."

ஏஜென்சிக்காரன் கை வரைக்கும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். தண்ணீர் குடிக்கவும் எழும்பாமல் கிடந்த வாப்பா, இடக்கையை ஊன்றி எழும்பினார். கோபித்துக்கொண்டு உம்மாவோடு சண்டைக்குத்தான் போகிறார் என்று பயந்து நானும் பின்னால் போனேன்.

உம்மா இன்னும் அங்கேயே குந்தியிருந்தார். வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இடக்கையால் வாளியைச் சரித்து, உம்மாவின் கையில் தண்ணீர் வார்த்தார். உம்மாவும் கையை நீட்டிக்கொடுத்தார். வாளி தீரும்வரை வார்த்தார்.

"ஏழு முடிஞ்சிட்டு வாப்பா, நான் சரியாத்தான் எண்ணினேன்" என்று கத்தினேன். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கணக்கை வாப்பா நம்பவில்லை என்று எனக்கு ஒரே அழுகையாக வந்தது.